கொழும்பில் மெதடிஸ்த ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்தபோது முதல் ஆறு ஞாயிறும் நான் ஆராதனைக்குப் போகவில்லை. மனம் இல்லாமல் இல்லை. ஊரில் ஆலய மணி கேட்டதும் வெளிக்கிடுவோம், எத்தனை மணிக்கு ஆராதனை என்று யாரும் கேட்பதில்லை. இங்கே வெள்ளவத்தையில் போர்டிங் அறைக்குள் காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தம்தான் கேட்டது. எந்த ஆலயம், தமிழ் ஆராதனை எப்போது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது ஞாயிறுதான் போனேன். அது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வாசலில் தயங்கி நிற்கிறவர்களை உள்ளே கூட்டிப்போய் இருத்துவது என் வேலைகளில் ஒன்று. அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். அவற்றுக்கான பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெதடிஸ்த சபையில் போதகர் சில வருடங்களில் மாறிப் போவார். அது எங்கள் திருச்சபையின் ஒழுங்கு. போதகரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்து போகிறவர், அவர் மாற்றலாகும் நாளில் மறுபடியும் புதியவராகிவிடுகிறார். அப்படிப் பலரைப் பார்த்துவிட்டேன். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இருபது நிமிடமும், கிழமை நாளில் யாரோ ஒருவர் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டமும்தான் உங்களை அந்தச் சபையின் ஆளாக்கும். கீழே சொல்வதை அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

முதற்படி: எந்த ஆலயம் என்று முடிவு செய்வது

கொழும்பில் மெதடிஸ்த ஆலயங்கள் பல இருக்கின்றன. புறக்கோட்டையில் இருப்பது 1816 டிசம்பரில் திறக்கப்பட்டது, ஆசியாவிலேயே பழைய மெதடிஸ்த ஆலயம் என்று பெயர் பெற்றது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரமாக ஒன்று. மருதானை, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கரையோரமாகவும் உள்ளுக்கும் இன்னும் உண்டு. கிட்ட இருக்கும் ஆலயம்தான் நல்ல ஆலயம் என்பது என் அனுபவம். தூரத்தில் பெரிய பாடகர் குழு இருக்கிறது என்று இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள், மழைக்காலம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். கிழமை நாள் கூட்டத்துக்கு அவர்கள் வரவே மாட்டார்கள்.

தூரத்தைவிட முக்கியமானது மொழி. பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் இருந்தால் மூன்று மொழியிலும் ஆராதனை நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆலயங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனி நேரத்தில் ஆராதனைகள் நடக்கும். சிலவற்றில் ஒன்றோ இரண்டோ மொழிதான். சில இடங்களில் தமிழ் ஆராதனை காலையில் இல்லாமல் மாலையில் இருக்கும். ஆகவே சனிக்கிழமையே ஆலய அலுவலகத்துக்குப் போன் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு? இந்த ஞாயிறு ஒன்றிணைந்த ஆராதனை ஏதும் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை எப்போது? இரண்டாவது கேள்வியைத் தவற விடாதீர்கள். பண்டிகை, ஆண்டு விழா நாட்களில் மூன்று மொழிச் சபையும் ஒரே நேரத்தில் கூடும். அன்றைக்கு வழக்கமான நேரத்துக்குப் போனால் ஆசீர்வாதம் கூறும்போதுதான் போய்ச் சேருவீர்கள்.

போகிற வழி பற்றியும் ஒரு வார்த்தை. காலி வீதி ஆலயங்களுக்கு 100, 101 பஸ்கள் போதும். கரையோர ரயிலில் வந்தால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி ஸ்டேஷன்களில் இறங்கி நடக்கலாம். திரீவீலில் போவதானால் வெறுமனே 'சேர்ச்' என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் கண்ட முதல் சேர்ச்சில் இறக்கிவிடுவார். 'மெதோதிஸ்த பல்லிய' என்று சிங்களத்தில் முழுதாகச் சொல்லுங்கள். 'பல்லிய' என்று மட்டும் சொன்னால் பள்ளிவாசலுக்கு முன்னாலும் நிற்க நேரிடும்.

இரண்டாம் படி: முதல் ஞாயிறு

பத்து நிமிடம் முந்திப் போங்கள். உடை பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. சேலை, சல்வார், கவுண், காற்சட்டை சேர்ட், எதுவானாலும் அடக்கமாக இருந்தால் சரி. செருப்பைக் கழற்றுவதா இல்லையா என்பது ஆலயத்துக்கு ஆலயம் வேறுபடும். வாசலில் செருப்புகள் கிடக்கின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள், அதுவே பதில். உள்ளே செருப்போடு இருக்கும் சபையிலும், திருவிருந்தின் அப்பமும் திராட்சைச் சாறும் பெற முன்பக்கம் போகும்போது பலர் கழற்றிவிட்டுப் போவார்கள்.

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் மனம் நோகாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் எங்கள் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்த பிறகு வந்த பழக்கம் அது. பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, நத்தார் நாட்களில் சோதனை கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் பெரிய பை கொண்டு வராமல் இருப்பது நல்லது. வாசலில் நிற்கும் தம்பிமார் சபைப் பிள்ளைகள்தான். ஒரு சிரிப்போடு பையைத் திறந்து காட்டினால் அவர்களுக்கும் நிம்மதி.

எங்கே இருப்பது? நடுவில், ஓரமாக. கடைசி வரிசையில் இருந்தால் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று பார்க்க முன்னால் ஆட்கள் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடைசி வரிசைக்காரர் ஆராதனை முடிந்ததும் முதலாவதாக வெளியே போய்விடுகிறார், யாரும் பிடிக்க முடியாது. என் முதல் ஞாயிறு நான் நடுவில் இருந்தது தற்செயல். பக்கத்தில் நரைத்த கொண்டையும் வெள்ளைச் சேலையுமாக ஒரு அன்ரி. பாட்டு எண் சொன்னார்கள், என்னிடம் புத்தகம் இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. தன் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, மூன்றாம் சரணத்தில் விரலை வைத்தார். அந்தப் புத்தகத்தின் முதுகில் துணி ஒட்டித் தைத்திருந்தது. பாட்டு முழுவதும் அந்த விரல் வரி வரியாக நகர்ந்தது. இன்று நான் புதியவர்களுக்குப் புத்தகம் கொடுக்கும்போது பாட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டித்தான் கொடுக்கிறேன், வெறும் புத்தகமாகக் கொடுப்பதில்லை.

ஆராதனை ஒழுங்கு ஏறத்தாழ இப்படிப் போகும்: ஆரம்பப் பாட்டு, துதியும் பாவ அறிக்கையுமான ஜெபங்கள், வேத வாசிப்பு, பிரசங்கம், மன்றாட்டு ஜெபம், அறிவித்தல்கள், காணிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், ஆசீர்வாதம். வேத வாசிப்பில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று வரும். சுவிசேஷத்துக்குப் பல சபைகளில் எழும்பி நிற்பார்கள். அறிவித்தல் நேரத்தில் புதியவர்களை எழும்பச் சொல்லி வரவேற்பதும் உண்டு. கூச்சமாக இருந்தால் வாசலில் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூப்பிட மாட்டார்கள்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. மெதடிஸ்தர்கள் பாடித்தான் விசுவாசத்தைப் படித்தவர்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் எழுதிய பாடல்கள் ஆயிரக்கணக்கானவை. எல்லாரும் பாட வேண்டும், உற்சாகமாகப் பாட வேண்டும், ஆனால் பக்கத்தில் இருப்பவரின் குரலை அமுக்கக் கூடாது என்று ஜோன் வெஸ்லி 1761 இலேயே எழுதி வைத்தார். தமிழ் ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டும் வரும். மேல்நாட்டு ராகத்தில், ஓர்கனோடு பாடும் ஞானப்பாட்டு ஒன்று. நம் ராகம் தாளத்தில் பாடும் கீர்த்தனை மற்றது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்றைக்கும் இங்கே பாடப்படுகின்றன. ஊரில் கீர்த்தனைக்குப் பழகியவருக்கு முதல் சில வாரம் ஞானப்பாட்டு இழுவையாகத் தோன்றலாம். மலையகத்திலிருந்து வருகிறவர்களுக்கு மெட்டே வேறு மாதிரிக் கேட்கும். நாலைந்து கிழமை பொறுங்கள்.

திருவிருந்து பல சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு. முன்னால் போய், கிராதி ஓரமாக முழந்தாளிட்டு அப்பத்தையும் சிறு கிண்ணத்தில் திராட்சைச் சாற்றையும் பெறுவோம். வேறு சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (வளர்ந்த பிறகு தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்வது) பெற்றவர் கலந்துகொள்ளலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஆண்டவரை நேசிக்கிற எவருக்கும் இது அவருடைய மேசை என்று அழைக்கிற பாரம்பரியம் எங்களுடையது. சந்தேகம் இருந்தால் ஆராதனைக்கு முன் போதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளும் கூட வரலாம். அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள்.

ஒன்றிணைந்த ஆராதனையில் ஒரு கட்டம் வரும். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்வோம். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று நீங்கள் தொடங்கும்போது பக்கத்தில் ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று மொழியும் வேறு வேறு வேகத்தில் போய் ஆமென்னில் ஒன்றாக வந்து சேரும். முதல் தடவை கேட்கும்போது வார்த்தை தடுமாறும். உங்கள் மொழியை விட்டுவிடாமல் மெல்லச் சொல்லிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: தேநீர் நேரத்தில் ஓடிப் போகாதீர்கள்

ஆராதனை முடிந்ததும் மண்டபத்திலோ முற்றத்திலோ பிளேன்டீயும் ஏதாவது கடியும் இருக்கும். மீன் பணிஸ், ரோல்ஸ், சில நாள் கேக் துண்டு. அதற்குக் காசு இல்லை. யாராவது ஒரு குடும்பம் பிறந்தநாளுக்கோ நினைவு நாளுக்கோ கொடுத்திருப்பார்கள். கோப்பையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகாமல் ஒருவரிடமாவது போய் 'நான் புதிது, இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'எந்த ஊர்?' என்று உடனே திருப்பிக் கேட்பார்கள். அது விசாரணை இல்லை, தொடக்கம். கல்லடியா, வடமராட்சியா, ஹட்டனா என்று தெரிந்தால் தெரிந்தவர் ஒருவர் எப்படியும் கிடைத்துவிடுவார்.

அன்றைக்கு மூன்று காரியம் முடித்துக்கொண்டு போகப் பாருங்கள். உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வருகைப் புத்தகத்தில் எழுதுங்கள். சபையின் வட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள், நேர மாற்றம் எல்லாம் அதில்தான் வரும். மூன்றாவதாக, உங்கள் பகுதியில் வீட்டு ஜெபக்கூட்டம் யார் நடத்துகிறார் என்று கேளுங்கள்.

நான்காம் படி: யார் யார் என்று அறிந்துகொள்வது

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல ஆலயங்கள் சேர்ந்தது ஒரு சேகரம். அதன் பொறுப்பு சேகர முகாமைக் குருவிடம் இருக்கும். அவரோடு வேறு போதகர்களும் வேலை செய்யலாம். ஒரே போதகர் இரண்டு மூன்று ஆலயங்களைப் பார்ப்பதால், உங்கள் ஆலயத்தில் எல்லா ஞாயிறும் அவரே பிரசங்கிக்க மாட்டார். பல சேகரங்கள் சேர்ந்தது திருமாவட்டம். எல்லாவற்றுக்கும் மேலே திருச்சபையின் வருடாந்த மாநாடு. 1964 இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானிய மாநாட்டிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. அதிலிருந்து போதகர்களை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது நம் நாட்டு மாநாடுதான். போதகரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவரும் எங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. அனுப்பப்பட்டவராக வருகிறார். பெண் போதகர்களும் எங்களுக்கு உண்டு. போதகரை 'ஐயா' என்றும் பெண் போதகரை 'அம்மா' என்றும் கூப்பிட்டால் போதும். இளம் போதகரிடம் 'தம்பி' என்று நாக்கு வழுக்கும், கவனம்.

சபை மக்களிலிருந்து வருகிற பிரசங்கிமார் உண்டு. கிழமையில் வங்கியிலோ பாடசாலையிலோ வேலை செய்து, பயிற்சி பெற்று, ஞாயிறு பிரசங்கிப்பவர்கள். 'இன்றைக்கு ஐயா இல்லை, ஆர் பிரசங்கம்?' என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வெஸ்லியின் காலத்தில் இந்த இயக்கம் ஊர் ஊராகப் பரவியது இப்படிப்பட்ட சாதாரண மக்களின் வாயால்தான்.

உக்கிராணக்காரர் என்ற சொல் புதியவர்களுக்குச் சிரிப்பூட்டும். வேதாகமத்தில் வீட்டு விசாரிப்புக்காரனுக்கு வரும் அந்தச் சொல்லையே நாங்கள் வைத்திருக்கிறோம். வாசலில் வரவேற்பது, காணிக்கை எண்ணுவது, மின்விசிறி வேலை செய்யாவிட்டால் ஆள் பிடிப்பது, போதகர் வீட்டுக் கூரை ஒழுகினால் பார்ப்பது, எல்லாம் அவர்கள் தலையில். எந்தச் சின்னக் கேள்வியையும் முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஆலய அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். சான்றிதழ், கடிதம், மண்டபம் பதிவு செய்வது எல்லாம் அவர் மேசை. ஆலயத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் காவலாளி அண்ணரையும் மறக்க வேண்டாம். சாவி அவரிடம்தான் இருக்கும். ஆலயத்தின் எல்லாக் குடும்பத்தையும் பெயரோடு அறிந்தவரும் பெரும்பாலும் அவர்தான்.

இனி வகுப்புத் தலைவர். என் கணக்கில் புதியவருக்கு மிக வேண்டிய ஆள் இவர். 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்தர்கள் கட்டடக் கடன் அடைக்க வழி தேடிக் கூடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து, கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி சேர்ப்பது என்று முடிவாயிற்று. காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நோயையும் சண்டையையும் குடியையும் கண்டார்கள். காசைவிட அந்த விசாரிப்புத்தான் பெரிது என்று வெஸ்லிக்கு விளங்கியது. வகுப்பு என்பது அப்படிப் பிறந்தது. எங்கள் சபைகளில் அது பகுதிவாரியாக ஜெபக்கூட்டமாகவும் வீட்டுச் சந்திப்பாகவும் தொடர்கிறது. ஹம்டன் லேன் பக்கம் ஒரு குழு, தெகிவளைப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும். கிழமையில் ஒரு மாலை, ஒரு தொடர்மாடி வீட்டின் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஜெபக் குறிப்புகள், பிறகு தேநீர். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் ஐந்தாம் மாடிக்கு ஏறி வரும் அங்கிள்மாரும் உண்டு. இதற்கு இரண்டு தடவை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழையும்போது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும்.

ஐந்தாம் படி: வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறது

பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை. ஆராதனைக்கு முன்போ இடையிலோ நடக்கும். முதல் நாள் பிள்ளையைக் கதவில் விட்டுவிட்டு வராமல் உள்ளே போய் ஆசிரியையைச் சந்தித்து, ஏதாவது உணவு ஒத்துவராதென்றால் சொல்லி, முடிந்ததும் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். ஆங்கில மூலத்தில் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்புத் தடுமாறும். அதற்காக ஆங்கில வகுப்புக்கு உடனே மாற்றாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மனன வசனத்தைத் தமிழில் பாடமாக்குகிற பிள்ளை அம்மம்மாவோடு சேர்ந்து ஜெபிக்கும். தமிழ் வேதாகமத்துக்கு எங்கள் சபையோடு ஒரு பழைய உறவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். பேர்சிவலின் பாடசாலையில் படித்து அங்கேயே கற்பித்தவர் அவர். பிறகு சைவத்துக்காகவே வாழ்ந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது.

வாலிபர் ஐக்கியம் பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறு மாலையில் கூடும். தனியாகப் போர்டிங்கில் இருக்கும் இளைஞர்களுக்கு இதுதான் வீடு. வளாக மாணவர், முதல் வேலைக்கு வந்தவர், எல்லாரும் கலந்து இருப்பார்கள். டிசம்பரில் கரோல் பாட வீடு வீடாகப் போகும் குழுவில் சேருங்கள். மூன்று இரவில் முழுச் சபையின் முகவரியும் தெரிந்துவிடும்.

பெண்கள் ஐக்கியத்தை வயதான அம்மாமாரின் கூட்டம் என்று நினைத்து இளம் மனைவிமார் தள்ளி நிற்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நோயாளிகளைச் சந்திப்பது, ஆதரவற்ற இல்லங்களுக்குச் சாப்பாடு கொண்டு போவது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு உதவிக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

குடும்பமாகக் கலந்துகொள்ளும் நாட்கள் வருடம் முழுக்க வரும். ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. வெஸ்லி 1755 இல் தொடங்கியது. 'நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன்' என்ற கருத்தில் சபை முழுவதும் சேர்ந்து ஒரு ஜெபம் சொல்லும். அவசரமாக வாயால் சொல்லிவிட்டுப் போகும் ஜெபம் இல்லை அது, முதல்நாளே வாசித்துப் பாருங்கள். குருத்தோலை ஞாயிறு பிள்ளைகள் ஓலையில் சிலுவை மடிக்கப் பழகுவார்கள். டிசம்பரில் ஒளிவிழா. டிசம்பர் 31 இரவு வருட இறுதி ஆராதனை. அன்று பஸ் குறைவு, திரும்பி வர வழியை முன்பே பேசி வையுங்கள்.

எல்லாவற்றிலும் புதியவருக்கு மிகச் சுலபமான நாள் அறுப்பின் பண்டிகை. ஊரில் நெற்கதிரும் பூசணிக்காயும் கொண்டு போவோம். கொழும்பில் அறுவடை ஏது? கீல்ஸ் பையில் இரண்டு கிலோ சம்பா, பால்மா பெட்டி, வீட்டில் செய்த பட்டர் கேக், பல்கனியில் காய்த்த நாலு பச்சைமிளகாய், எல்லாம் முன்னால் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கதலிக் குலை இருநூறு ரூபாயில் தொடங்கி, வாங்கினவர் மறுபடி ஆலயத்துக்கே கொடுத்து, திரும்ப ஏலத்துக்கு வந்து, ஐந்தாறு ஆயிரத்தில் போய் நிற்கும். நீங்களும் ஒரு தடவை கை தூக்குங்கள். விலை கூடிவிட்டால் அடுத்தவர் ஏறிக் கேட்பார், பயம் வேண்டாம்.

ஆறாம் படி: அங்கத்துவமும் கடிதங்களும்

சில மாதம் வந்து மனம் ஒன்றிவிட்டால் அங்கத்தவராகப் பதியுங்கள். ஏற்கெனவே வேறு ஊரில் மெதடிஸ்த அங்கத்தவர் என்றால், உங்கள் பழைய சேகரத்திலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும்போதே அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. பிறகு எழுதிக் கேட்டு, அங்கே போதகர் மாறி, பதிவேடு தேடி, கடிதம் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் என் மகளின் ஞானஸ்நானத் தேதி இரண்டு தடவை தள்ளிப் போனது. வேறு திருச்சபையிலிருந்து வருகிறவர்கள் ஞானஸ்நானச் சான்றிதழின் பிரதியோடு போதகரைச் சந்தியுங்கள். திடப்படுத்தல் பெறாதவர்களுக்கு ஆயத்த வகுப்புகள் நடக்கும்.

குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஒரு மாதம் முன்பாவது சொல்லுங்கள். பெற்றோர் கொடுக்கும் வாக்குறுதிகளைப் பற்றிப் போதகர் உட்கார்ந்து கதைக்க விரும்புவார். திருமணத்துக்கு இன்னும் முன்பே வேண்டும், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவாகப் பதிவாளருக்கு அறிவித்தல் கொடுப்பது ஒரு வேலை, ஆலயத்தில் ஆயத்தம் இன்னொரு வேலை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டுப் பிறகு ஆலயத்தில் தேதி கேட்கிறவர்கள் அதிகம். தயவுசெய்து முதலில் போதகரின் நாட்குறிப்பைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து காலத்தில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை.

பாடசாலை அனுமதிக்குக் கடிதம் தேவைப்படும் என்று ஆலயத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கொள்ளுப்பிட்டி மெதடிஸ்த கல்லூரி 1866 இலும் வெஸ்லி கல்லூரி 1874 இலும் தொடங்கிய பாடசாலைகள். அங்கே பிள்ளையைச் சேர்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் விண்ணப்பம் வரும் மாதத்தில் மட்டும் தலை காட்டினால், போதகர் எதை எழுதுவார்? நேர்மையாக அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே வரத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: காணிக்கை

கட்டாயம் என்று ஒன்றும் இல்லை. பை வரும்போது இருப்பதைப் போடலாம், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் நகர்த்தலாம், யாரும் பார்ப்பதில்லை. அங்கத்தவரான பிறகு மாதச் சந்தா உண்டு, அதற்கு உறை தருவார்கள். ஊரில் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பிடியரிசிப் பானையில் எடுத்து வைப்பார். வெள்ளவத்தையில் என் மனைவி அதே கணக்கைப் பழைய நெஸ்டமோல்ட் டின் ஒன்றில் நாணயமாகச் சேர்க்கிறாள்.

எட்டாம் படி: வருத்தம், மரணம் என்று வந்தால்

தனியாகச் சமாளிக்க வேண்டாம். வகுப்புத் தலைவரின் எண்ணையும் போதகரின் எண்ணையும் கைத்தொலைபேசியில் மட்டும் அல்ல, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் எழுதி ஒட்டுங்கள். யாராவது ஆஸ்பத்திரியில் என்றால் வார்ட் எண், கட்டில் எண், பார்வையாளர் நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பெரியாஸ்பத்திரியில்' என்று மட்டும் சொன்னால் போதகர் அரைநாள் அலைய வேண்டி வரும். நோயாளிக்கு வீட்டிலேயே திருவிருந்து வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். கேட்டால்தான் தெரியும்.

என் அப்பா எங்களோடு இருந்தபோது ஒரு விடியற்காலை நான்கு மணிக்குக் காலமானார். நான் முதலில் எடுத்தது வகுப்புத் தலைவருக்குத்தான். ஐந்து மணிக்கு அவரும் மனைவியும் ஒரு பிளாஸ்க் தேநீரோடு கதவில் நின்றார்கள். அவர் ஒரு கடதாசியில் வரிசையாக எழுதத் தொடங்கினார்: மரணச் சான்றிதழுக்கு யார் போவது, மலர்ச்சாலைக்கு யார் பேசுவது, உடலை மட்டக்களப்புக்குக் கொண்டு போவதா பொரளைக் கனத்தையில் அடக்கம் செய்வதா, ஊருக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தக் கீர்த்தனை அப்பாவுக்குப் பிடிக்கும். ஆறரைக்குப் போதகர் வந்தபோது அந்தக் கடதாசியில் பாதி வேலைக்கு நேராக ஒவ்வொருவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. உங்களுக்கும் அந்த நாள் வரும்போது இதே ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் வகுப்புத் தலைவர், பிறகு போதகர், பிறகு மலர்ச்சாலை. அடக்க ஆராதனையின் நேரத்தைப் போதகரிடம் கேட்டு முடிவு செய்த பிறகே மரண அறிவித்தலைப் பத்திரிகைக்கும் வானொலிக்கும் கொடுங்கள்.